1812ஆம் ஆண்டின் வெற்று வரிசை

நியூ ஜெர்சி மாநிலம் எந்த ஜனாதிபதித் தேர்தலில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதின்மூன்று வருடமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன். ஒரு முறைகூட இங்கே வோட்டுப் போட்டதில்லை. என்னால் போட முடியாது. என் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். கிரீன் கார்டுக்கான வரிசையில் நானும் என் கணவரும் எங்கோ பின்னால் நிற்கிறோம்.

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். கணவர் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் மென்பொருள் வேலை பார்க்கிறார். காலையில் ஆற்றுக்கு அடியில் போகும் ரயிலில் மன்ஹாட்டனுக்குப் போய், பொழுது சாய்ந்தபின் திரும்புவார். நான் கரூரில் புள்ளியியல் எம்.எஸ்சி. படித்துவிட்டு, கல்யாணமாகி, அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவள். அந்த விசாவில் அப்போது வேலைக்குப் போக அனுமதியில்லை. மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்த அன்று வீட்டுக்குத் திரும்பி, பாத்திரங்களைக் கழுவி, துணிகளை மடித்து வைத்தபின் மணியைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். மீதி நாளை என்ன செய்வதென்று தெரியவில்லை. நடந்து நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்தின் மேல்மாடியில் உள்ளூர் வரலாற்று அறை ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளர் என் வயதை ஒத்த கறுப்பினப் பெண்மணி. நெடுநெடுவென்று உயரம், மெல்லிய குரல். தன்னார்வலர் தேவை என்று கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். எண்களைத் தட்டச்சு செய்யத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"கூட்டத் தெரியுமா?"

"அதுதான் நான் படிச்சதே."

அவர் சிரித்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். பழைய காகிதத்தைத் தொடக் கையுறை வேண்டாம், சுத்தமான கை போதும் என்பது அவருடைய சட்டம்.

வேலை இதுதான். அறையின் நீளச் சுவரில் ஓர் அட்டவணை வர வேண்டும். மேலிருந்து கீழாக ஜனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டுகள், இடமிருந்து வலமாக மாநிலத்தின் கவுன்டிகள், அதாவது நம் ஊர் மாவட்டங்கள் போல. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கவுன்டி மக்கள் யாருக்கு எத்தனை வோட்டுப் போட்டார்கள் என்ற எண். அச்சிட்ட பழைய கையேடுகள், கவுன்டிப் புத்தகங்களின் நகல்கள், மைக்ரோஃபிலிமில் பழைய செய்தித்தாள்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தோம். ஆறு வருடம் ஆனது.

முதல் வாரம் கணவரிடம் சொன்னபோது அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "இதெல்லாம் ஆன்லைன்லயே இருக்குமே. எதுக்கு டைப் பண்றே?"

"ஸ்டேட் டோட்டல் இருக்குங்க. கவுன்டி நம்பர் பழசு எல்லாம் இல்ல. இருக்கறதும் ஒண்ணுக்கொண்ணு டேலி ஆக மாட்டேங்குது."

"ஜெர்சி எப்பவும் நீலம்தானே. இதுல என்ன இருக்கு?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாங்கள் வந்ததிலிருந்து டிவி வரைபடத்தில் இந்த மாநிலம் நீலமாகத்தான் இருந்தது. வோட்டு எண்ணத் தொடங்குமுன்பே நீலம் பூசிவிடுவார்கள். ஆனால் அலமாரியைத் திறந்து உட்கார்ந்தால் வேறு ஒரு மாநிலம் தெரிந்தது. எனக்குக் கட்சிகள் சின்னத்தால்தான் மனதில் நிற்கும். இங்கே ஒன்று சிவப்பு யானை, இன்னொன்று நீலக் கழுதை. 1992 முதல் தொடர்ந்து கழுதைதான். அதற்கு முன் 1968லிருந்து ஆறு தேர்தல், ஒன்றுவிடாமல் யானை. இன்னும் பின்னால் போனால் அப்படியும் இப்படியும் மாறி மாறி. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், நாடே மறுபடி தேர்ந்தெடுத்த ஜனாதிபதியை வேண்டாம் என்று சொன்ன மூன்று மாநிலங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முந்தைய தேர்தலில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அனுப்பும் தன் ஏழு பிரதிநிதிகளில் நான்கு பேரை ஒருவருக்கும் மூன்று பேரை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒரு மாநிலம் எப்பவும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால், அவர் எத்தனை வருடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அதன்பின் கேட்கத் தோன்றியது.

மிகப் பழைய வரிசைகளுக்கு வந்தபோது பொறுப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். 1804 வரிசை அது. சுதந்திரம் வந்த காலத்தில் எழுதிய இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தில், ஓரளவு சொத்துள்ள, ஒரு வருடம் இங்கே குடியிருந்த எல்லாரும் வோட்டுப் போடலாம் என்றிருந்தது. ஆண்கள் என்று இல்லை. வெள்ளையர் என்றும் இல்லை. 1807இல்தான் அதை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அதற்கு முன் இந்த மாநில மக்களே வோட்டுப் போட்ட ஜனாதிபதித் தேர்தல் 1804 ஒன்றுதான்.

"அந்த வருஷம் நான் போட்டிருக்கலாம், சொத்து இருந்திருந்தா" என்றார் அவர்.

"குடிமக்கள்னு போடலையே, குடியிருக்கறவங்கன்னுதானே இருக்கு? அப்ப நானும் போட்டிருக்கலாம்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சே. கல்யாணமான பொண்ணுக்குச் சொத்தே கிடையாது, எல்லாம் புருஷன்து. நீ வெளியேதான் நிக்கணும்."

அந்த நூலகத்தில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்தது அன்று ஒரு முறைதான்.

இடையில் தொற்றுக் காலம் வந்து நூலகம் மூடியது. திறந்தபோது என் விசாவில் வேலைக்கு அனுமதி வந்திருந்தது. ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. நூலகம் சனிக்கிழமைகளுக்கு நகர்ந்தது. விட்டுவிடு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் நான் பையை எடுக்கும்போது ஓர் அமைதி விழும். அது எனக்குக் கேட்கும். நான் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவேன்.

எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆஸ்பத்திரி லேபில் வேலை. கணவர் ஒரு பெட்ரோல் பங்க்கில் மேனேஜர். பிள்ளைகள் இல்லை. நூலகத்திலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, சூடாக ரோல்ஸ் பொரித்து வைத்திருப்பார்.

"செத்த ஆக்கள்ர வோட்டை எண்ணி என்ன செய்யப்போறீர், பிள்ளை?" என்பார்.

"தப்பா எண்ணியிருக்காங்கக்கா. அதான்."

"எண்ணினவையும் செத்துப்போச்சினம். நீர் ஏன் இதுக்குள்ள மினக்கெடுறீர்? சாப்பிடும்."

தப்பாகத்தான் எண்ணியிருந்தார்கள். குறைந்தது ஓரிடத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த ஒரு தேர்தலில், கவுன்டிகளையெல்லாம் கூட்டினால் வருவது ஒன்று, அதே பக்கத்தின் அடியில் மாநில மொத்தம் என்று அச்சிட்டிருந்தது வேறொன்று. வித்தியாசம் சிறியது, அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஏதோ ஒரு கவுன்டியில் யாரோ இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். எந்தக் கவுன்டி என்று தெரிய வேண்டுமானால் கையெழுத்தில் உள்ள மூலத்தைப் பார்க்க வேண்டும். அது மாநிலத் தலைநகரான ட்ரென்டனில் இருந்தது.

"ஒரு நம்பருக்காக ட்ரென்டனா?" என்றார் கணவர்.

"ரெண்டு டிஜிட்டுக்காக."

முதல் முறை போனேன். வாசிப்பு அறையின் நேரம் மாறியிருந்தது, கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் முறை லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்தக் காகிதங்கள் உள்ள பெட்டி வேறு கட்டிடத்தில் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்கு வோட்டே இல்லாத ஊரில், நூறு வருடத்துக்கு மேல் பழகிப்போன ஒரு தப்புக்காக எதற்கு இப்படி அலைகிறேன் என்று யோசித்தேன். அடுத்து எந்த நாள் லீவு கிடைக்கும் என்று போனில் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் முறை மகளுக்குப் பள்ளி விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி மேஜைக்கு வந்திருந்தது. மங்கிய பழுப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில் எண்கள். அவள் அச்சுப் புத்தகத்தின் நகலை வைத்துக்கொண்டு வாசித்தாள், நான் கையெழுத்தைப் பார்த்துச் சரி சொன்னேன். தெற்கே உள்ள ஒரு கவுன்டிக்கு வந்தோம்.

"செவன் நைன்" என்று முடித்தாள்.

"மறுபடி சொல்லு."

"செவன் நைன். அம்மா, வாட்?"

கையெழுத்தில் ஒன்பது ஏழு என்று இருந்தது. நான் காகிதத்தை அவள் பக்கம் மெல்லத் திருப்பினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஸோ தி புக் இஸ் ராங்? லைக், ஃபார் எவர்?"

"இன்னிக்கு வரைக்கும்" என்றேன்.

அடுத்த சண்டை 1812 வரிசைக்காக. அந்த வரிசை காலியாக இருந்தது.

இந்த நாட்டில் மக்கள் போடும் வோட்டு நேரே ஜனாதிபதிக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் பிரதிநிதிகளை அனுப்பும், அவர்கள் வோட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை நியூ ஜெர்சியில் 1804இலும் 1808இலும் இருந்தது. 1812இல், தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, மாநில சட்டசபையில் புதிதாகப் பெரும்பான்மை பிடித்தவர்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மக்கள் வோட்டுப் போடவில்லை. எண் எதுவும் இல்லை.

எனக்கு அது முதலில் உறுத்தவில்லை. எங்கள் நாட்டில் ஜனாதிபதிக்கு நாம் யார் வோட்டுப் போட்டோம்? எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்தான் போடுகிறார்கள். அதில் என்ன தப்பு என்று பொறுப்பாளரிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "உங்க ஊர்ல ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். இங்க கொடுத்துட்டு, கையில வெச்சிருக்கும்போதே பிடுங்கினாங்க. நாள் எண்ணிக்கிட்டு இருந்த ஜனங்ககிட்ட இருந்து." அதன்பின் அந்தக் காலி இடத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அட்டவணையை அச்சிட உதவுவதாகச் சொன்ன நூலகக் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். மரியாதையானவர், ஆனால் பிடிவாதக்காரர். அவர் மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, அந்த வரிசையை எடுத்துவிடலாம் என்றார். அச்சுப் பிழை என்று நினைப்பார்கள், மக்கள் வோட்டே போடாத தேர்தலுக்கு வோட்டு அட்டவணையில் என்ன வேலை? குழுவில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு வரலாமா என்று மட்டும் கேட்டேன்.

அந்த மாதம் முழுக்க என்ன சொல்வதென்று யோசித்தேன். என் ஆங்கிலம் கூட்டத்தில் நீளமாகப் பேசினால் தடுக்கும். அதனால் பேசாமலே காட்ட முடிவு செய்தேன். வரிசையை எடுத்துவிட்டு ஒரு மாதிரித் தாளை அச்சிட்டுக்கொண்டு போய்ப் பெரியவரிடம் கொடுத்தேன்.

"ஆண்டுகளை மட்டும் மேலிருந்து வாசிக்க முடியுமா?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 1804. 1808. 1816. நின்றார். மறுபடி மேலே போனார். "நடுவுல ஒண்ணு காணோமே?" என்றார்.

"இங்க வர்ற ஒவ்வொருத்தரும் இதைத்தான் கேப்பாங்க. அப்ப பதில் சுவத்துல இருக்கணும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும். ஆனா ஏன் காலின்னு பக்கத்துல எழுதுங்க" என்றார். எழுதினோம். மூன்றே வாக்கியம்.

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் அட்டவணை சுவரில் ஏறியது. என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். முப்பது பேர்போல வந்திருந்தார்கள். கணவரும் மகளும் பின்வரிசையில். அக்கா எனக்குத் துணையாக வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்து முடித்தேன். தொப்பி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். போன தேர்தலில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்றார்.

"நான் போட முடியாது. நான் இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை."

சலசலப்பு. முன்வரிசையில் ஒரு பெண்மணி, கோபமாக அல்ல, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "அப்படின்னா நீங்க எதுக்கு இதைச் செஞ்சீங்க?"

எழுதி வைத்த தாளில் இதற்குப் பதில் இல்லை. "நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். "என் பொண்ணு இங்கதான் படிக்கிறா. கணக்குல ஒரு தப்பு இருந்தது. எனக்குக் கூட்டத் தெரியும்." இவ்வளவுதான் வந்தது. தொப்பிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

கூட்டம் கலைந்தபோது அக்கா அட்டவணைக்கு முன்னால் நின்றிருந்தார். மற்றவர்கள் தங்கள் கவுன்டியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் விரல் காலி வரிசைக்கு நேரே நின்றது.

"இதென்ன பிள்ளை, ஒண்டும் இல்லாமக் கிடக்கு?"

பக்கத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். கணவரும் மகளும் பீட்சா வாங்கப் போனார்கள். நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். இரண்டு தெரு தாண்டியபின் அவராகவே சொன்னார்.

"நான் இங்க சிற்றிசன் ஆகி பத்து வருசத்துக்கு மேல. ஒருக்காலும் வோட்டுப் போட்டதில்லை, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. இந்த மாநிலத்தில் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதானே, அதனால் போகவில்லையோ என்று நினைத்துக் கேட்டேன்.

"அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லுறது. ஆனா அது இல்லை." சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை. "ஊரில ஒரு ஜனாதிபதித் தேர்தல். ஒருத்தரும் வோட்டுப் போடப் போகக் கூடாது எண்டு இயக்கத்துப் பெடியள் சொல்லிப்போட்டினம். நான் போறதெண்டு வெளிக்கிட்டனான். வோட்டுக் காட் என்ர ஹாண்ட்பாக்குக்குள்ள. பள்ளிக்கூட கேற் வரைக்கும் போயிட்டன். உள்ளுக்கு ஆபிசர்மார் சும்மா இருக்கினம், ஒரு சனமும் இல்லை. திரும்பிப் பாத்தா, ஒரு பெடியன் சைக்கிளில ஒரு காலைக் கீழ ஊண்டிக்கொண்டு நிக்கிறான். ஒண்டும் சொல்லேல்ல. பாத்தான், அவ்வளவுதான். போட்டா விரலில மை பூசுவினம் எல்லோ? ஊருக்கே தெரியும். நான் கடைக்கு வந்த ஆள் மாதிரித் திரும்பி, ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டை போனன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கொஞ்ச வோட்டு வித்தியாசத்தில முடிவு வந்தது. என்ர ஒரு வோட்டால மாறியிராது. ஆனா எங்கட சனம் முழுக்கப் போட்டிருந்தா? அதுக்குப் பிறகு வோட்டு எண்ட சொல்லே வேண்டாமெண்டு விட்டன். அங்க என்ர வோட்டு தேவைப்பட்டது, போட விடேல்ல. இங்க ஆருக்கும் தேவையில்லை, போடு எண்டுறாங்கள்." வீட்டு வாசல் வந்ததும் சொன்னார்: "எங்கட ஊருக்கும் அப்பிடி ஒரு வெறும் வரிசை இருக்கு, பிள்ளை. ஆரும் சுவரில போடேல்ல."

வோட்டர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தேர்தலுக்கு இருபத்தொரு நாள் முன்புவரைதான் கெடு என்பது எனக்குத் தெரியும். மறுநாள் ஒரு விண்ணப்பத்தை அவர் வீட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "பாப்பம்" என்றார். மூன்று நாள் கழித்துப் போனபோது அதன்மேல் மளிகைக் கூப்பன்கள் கிடந்தன. எடுத்து மேலே வைத்தேன். அடுத்த வாரம் போனபோது மறுபடி அடியில் போயிருந்தது. மறுபடி மேலே வைத்தேன்.

"நீர் விடமாட்டீர் என்ன?"

"மாட்டேன்க்கா. யாருக்குப் போடணும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா பேர் கொடுங்க. போறதும் போகாததும் அப்புறம் உங்க இஷ்டம். இன்னிக்குக் கொடுக்கலைன்னா இஷ்டம்னு ஒண்ணே இருக்காது."

அவர் டீ போட்டார். எனக்குக் கொடுத்தார். பேனாவைத் தேடினார், இரண்டு பேனா எழுதவில்லை. மூன்றாவது எழுதியது. நீங்கள் இந்த நாட்டுக் குடிமகளா என்ற கட்டத்தில் சற்று நின்று, பிறகு அழுத்தமாக ஒரு குறி போட்டார். தபாலில் அனுப்பலாம் என்றேன். "தபால் வேண்டாம். கையில குடுத்து, அவை வாங்கினதைக் கண்ணால பாக்கவேணும்" என்றார். இருவரும் கவுன்டி அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் தாளில் முத்திரை குத்தும்வரை அக்கா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தேர்தல் நாளில் அவருக்கு ஷிப்ட். அதனால் முன்கூட்டியே வோட்டுப் போட அனுமதிக்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. குளிர் காற்று. அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பாதித் தூரம் போயிருப்போம். உணவு டெலிவரி செய்யும் ஓர் ஆள் சைக்கிளில் வந்து, எங்களுக்குப் பக்கத்தில் ஒரு காலைக் கீழே ஊன்றி நின்றான். அக்காவின் விரல்கள் என் முழங்கையில் இறுகின. கோட்டையும் தாண்டி நகம் அழுந்தியது.

அந்த ஆள் எங்களைப் பார்த்து, எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டான். முக்கால் மணி நேரம் என்றேன். வேலை முடிந்து சாயங்காலம் வந்தால் இவ்வளவு கூட்டம் இருக்காதா என்றான். எனக்குத் தெரியவில்லை.

"மூடுறதுக்கு முதல் வாரும்" என்று அக்கா ஆங்கிலத்தில் அவனிடம் சொன்னார். "எப்பிடியும் வாரும். விட்டுடாதையும்."

அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அக்கா என் கையை விட்டார். விட்டபின்தான் எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது.

வாசலில் இருந்த பெண் இரண்டு பேரா என்று கேட்டார். இவர் மட்டும்தான் என்று சொல்லி ஒதுங்கினேன். "நீரும் வாருமன்" என்றார் அக்கா. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், கண் நன்றாகத் தெரியும், உதவிக்கு ஆள் தேவையில்லை. நான் வரக் கூடாது என்றேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே போகிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள், வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தவர்கள். ஆறு வருடம் எண்களாகப் பார்த்தவர்கள் இவர்கள்தான் என்று தோன்றியது. பொறாமையாகவும் இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

இருபது நிமிடம் கழித்து அக்கா வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"மை இல்லையாம் இங்க. கேட்டனான்."

"இங்க பூச மாட்டாங்கக்கா."

"நல்லது" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "நல்லது" என்று மறுபடி சொன்னார். பிறகு, "பசிக்குது. வாரும், தோசை சாப்பிடுவம்" என்றார். அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாநிலம் 1992 முதல் சாய்ந்த பக்கமே மறுபடியும் சாய்ந்தது. ஆனால் இடைவெளி முந்தைய தேர்தலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கணவர் போனை என்னிடம் நீட்டி, "இது என்ன, ஜெர்சியா?" என்றார். எல்லாக் கட்சிக்காரர்களும் அதைப் பற்றியே பேசினார்கள். அக்கா போன் பண்ணினார். "ஒண்டும் மாறாது, ஒண்டும் மாறாது எண்டு எல்லாரும் சொன்னீங்கள்! நான் என்ர வாழ்நாளிலேயே முதல் முறை போடுறன், உடன இப்பிடி ஆடுது!" அவர் சிரித்துச் சிரித்து இருமினார். மாநிலம் எண்களை உறுதி செய்தபின் நான் புதிய வரிசையைத் தட்டச்சு செய்தேன். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.

அடுத்த ஜூனில், நம் ஊர் முதலமைச்சர் போன்ற கவர்னர் பதவிக்கு அந்தந்தக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. அக்காவுக்கு நினைவுபடுத்த வேண்டும் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். அலுவலக வேலையில் மறந்துபோனேன். அன்று சாயங்காலம்தான் நினைவு வந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். "விடியவே போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனனான்" என்றார், பால் வாங்கியாச்சு என்று சொல்வதுபோல. என்னைக் கூப்பிடவில்லையே என்று ஒரு கணம் குத்தியது. உடனே அது போய்விட்டது.

நவம்பரில் கவர்னர் தேர்தலுக்கு அவர் வாக்குச்சாவடி வேலைக்கே பெயர் கொடுத்துவிட்டார். பயிற்சிக்குப் போனார், தேர்தல் நாளுக்கு லீவும் எடுத்தார். மகளுக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் இருவரும் அந்தப் பக்கமாகப் போனோம். வாசல் திறந்திருந்தது. உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் அக்கா, கழுத்தில் அடையாள அட்டையுடன், ஒரு கிழவருக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"என்ன வேணும்?"

"சும்மா பாக்க வந்தோம்க்கா."

"வோட்டு இல்லாத ஆக்கள் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. சட்டம்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உமக்கு வோட்டு வரேக்க வாரும், நானே இருத்தி வைச்சுப் போடவிடுறன். இப்ப போம், எனக்கு வேலை கிடக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். "ஷீ ஜஸ்ட் கிக்ட் யூ அவுட்."

"ஆமா" என்றேன். கவர்னர் தேர்தல்களுக்கும் ஓர் அட்டவணை போடலாமா என்று பொறுப்பாளர் கேட்டிருந்தார். பஸ் வருவதற்குள் அவருக்குச் சரி என்று செய்தி அனுப்பினேன்.